இறங்கியாச்சு

அந்தக் கட்டம் காலியாக இருந்தது.

ரோஸ்லின் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். காலியேதான். போன அக்டோபரில் நடந்த மலையேற்றத்துக்காக அவள் கம்ப்யூட்டரில் போட்டுவைத்த திட்டத் தாள் அது. போகிறவர்கள் எல்லோரும் அவரவர் ஃபோனிலிருந்தே திறந்து எழுதலாம். ஐந்து பேருக்கு ஐந்து வரிசை, நாளுக்கு ஒரு பத்தி. அன்றைய நடை முடிந்ததும் தன் கட்டத்தில் நேரத்தைப் போட்டு 'இறங்கியாச்சு' என்று எழுதிவிட வேண்டும், எழுதினால் கட்டம் பச்சையாகும். கடைசி நாளில் நான்கு கட்டங்கள் பச்சை. அவள் தம்பி ஃபெலிக்ஸின் கட்டம் மட்டும் வெள்ளை.

நேற்று வரை அதுவும் பச்சையாகத்தான் இருந்தது. '4.40, இறங்கியாச்சு.'

எழுதியவன் ஃபெலிக்ஸ் இல்லை. அவள். அது தெரிந்த ஒரே ஆளும் அவள்தான்.

ஹைதராபாத் கொண்டாப்பூரில் அக்காவும் தம்பியுமாக எடுத்த இரண்டு ரூம் ஃப்ளாட்டில் இப்போது அவள் மட்டும் இருந்தாள். மே மாதத்து மத்தியானம், குழாயைத் திறந்தால் கொதிக்கிற தண்ணீர், ஜன்னல் திரையைத் தாண்டி வெயில் பிடரியைச் சுட்டது. முட்டி வலிக்காரி, ஒரு குன்றுகூட ஏறியதில்லை. ஆனாலும் இமயமலையில் அவர்கள் ஏறப்போன அந்தத் தேசியப் பூங்காவைச் சொந்த ஊர் நாகர்கோவிலின் தெருக்களைவிட நன்றாகத் தெரியும். அனுமதிச் சீட்டு, எந்த நாள் எந்த முகாம், எத்தனை கிலோ சுமை, எங்கே தண்ணீர் கிடைக்கும், எல்லாவற்றையும் மாதாப்பூர் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கரைத்துக் குடித்தவள். "எக்கா திட்டம் போட்டா கண்ண மூடிட்டு நடக்கலாம்" என்று ஃபெலிக்ஸ் ஊரெல்லாம் பெருமையடிப்பான்.

வேலையில் அவள் குழுத் தலைவி. சாயங்காலத்துக்குள் யாராவது தன் கட்டத்தை நிரப்பாமல் விட்டால், மறந்திருப்பார்கள் என்று அவளே நிரப்பிவிட்டுப் போவது பன்னிரண்டு வருஷப் பழக்கம். அன்றும் அதைத்தான் செய்தாள். நான்கு பேர் எழுதிவிட்டார்கள், தம்பி எழுதவில்லை, ஐந்து மணிக்கு வெளிநாட்டுக்காரர்களோடு மீட்டிங். சோம்பேறிப் பயல் என்று சிரித்துக்கொண்டே அவனுக்கும் போட்டாள். அவ்வளவுதான். அரை நிமிஷ வேலை.

அங்கே மேல் முகாமிலிருந்து இறங்க இரண்டு பாதை. ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு குக்கிராமம், அந்தப் பக்கம் ஒன்று. ஃபெலிக்ஸின் நண்பன் கிருஷ்ணகுமாரும் இன்னொருவனும் இந்தப் பக்கம், மற்ற இருவர் அந்தப் பக்கம். நீங்க போங்க, என் கூடாரத்தப் பிரிச்சிட்டு மெதுவா வர்றேன் என்று பின்தங்கிய ஃபெலிக்ஸ், மற்றப் பாதையில் போயிருப்பான் என்று இரண்டு தரப்பும் நினைத்தது. தாளில்தான் இறங்கியாச்சு என்று இருக்கிறதே! அன்று ராத்திரி பனி கொட்டித் தீர்த்தது. மறுநாள் ஜீப் அருகில் நின்றுகொண்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள்.

இறங்குகிற பாதையில் சிக்னல் கிடைப்பது கிராமங்களை ஒட்டித்தான். அவன் எழுதியிருக்கிறான் என்றால் கிட்டத்தட்ட வந்துவிட்டான், பிறகு ஓடையில் விழுந்திருக்கிறான். அப்படித்தான் எல்லோரும் முடிவு கட்டினார்கள். மூன்று வாரம் ஓடையை அலசினார்கள். மேலே யாரும் போகவில்லை. அவன் பெயருக்கு நேரே இருப்பதை எழுதியது வேறு ஆளாக இருக்குமோ என்று யாருக்கும் தோன்றவுமில்லை. ரோஸ்லினுக்கு முதல் நாள் நாக்கு எழவில்லை. இரண்டாம் நாள் பயம். பத்தாம் நாள், இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தனக்குத்தானே ஒரு சமாதானம். பாதகத்தி, பாதகத்தி என்று குளியலறையில் தலையை முட்டிக்கொண்டதோடு சரி.

உடல் கிடைக்காததால் அடக்க ஆராதனை நடக்கவில்லை. நாகர்கோவிலில் அம்மா வசந்தகுமாரி ஃபோன் செய்யும்போதெல்லாம் ஒரே வார்த்தைதான்: "ஒரு எலும்பாவது கொண்டு வா மக்களே. பிள்ளைய மண்ணுல வச்சுட்டுப் படுக்கேன்."

இப்போது பனி விலகிய பிறகு, கிருஷ்ணகுமார் மூன்று பேரையும் ஒரு வழிகாட்டியையும் கூட்டிக்கொண்டு மறுபடி போயிருக்கிறான். இன்று காலை கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நாளையிலிருந்து ஐந்து நாள் ஓடைக்கரையில் தேட வேண்டும். அந்தத் திட்டத்தையும் ரோஸ்லின்தான் போட்டுக்கொடுத்தாள். தப்பான இடம் என்று தெரிந்தே போட்டாள்.

வெள்ளைக் கட்டத்தைச் சொடுக்கி மறுபடி அடித்தாள். 4.40, இறங்கியாச்சு.

கட்டம் பச்சையானது. அவள் கையை எடுத்தாள். கடைசி எழுத்து மறைந்தது. அதற்கு முந்தியது மறைந்தது. யாரோ அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக, அழித்துக்கொண்டு போனார்கள்.

தாளின் மேல் மூலையில், இப்போது திறந்து பார்ப்பவர்களைக் காட்டும் சின்ன வட்டங்கள் இருக்கும். அவளுடையது ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. ஃபெலிக்ஸின் முகம், பல் தெரியச் சிரித்தபடி.

கிருஷ்ணகுமாரைக் கூப்பிட்டாள். அவன் சிகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவன், பேச்சில் அந்த ஊர் உருது கலக்கும்.

"ஷீட்ட யாராச்சும் தொட்டீங்களா தம்பி?"

"இல்லக்கா. இங்க ஒரே ஒரு கோடு சிக்னல், மெசேஜே போக மாட்டேங்குது. கைக்கு? ஏன் கேக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல."

ஃபெலிக்ஸின் ஃபோன் அவனோடுதான் போனது. யாருக்காவது கிடைத்திருக்கும், சார்ஜ் போட்டிருப்பார்கள், நெட் இல்லாத இடத்தில் அவன் எழுதிவைத்ததெல்லாம் இப்போது வந்து சேருகிறது. ஆமாம், அப்படி நடக்கக்கூடியதுதான்.

கட்டத்துக்குக் கீழே புதிதாக வரிகள் வந்தன.

'5.30. மேல் முகாம். கால் பிசகிருச்சு, ஊன்ற முடியல.'

'7.00. மேல் முகாம். பனி கொட்டுது.'

'காலை 6.00. மேல் முகாம். யாரும் வரல.'

ரோஸ்லின் வாயைப் பொத்திக்கொண்டாள். உயிரோடு இருந்திருக்கிறான். அவள் குட்டித் தம்பி உயிரோடு இருந்திருக்கிறான்.

'இரண்டாம் நாள். மேல் முகாம். கீழ ஓடப்பக்கம் விசில் சத்தம் கேக்குது. நானும் ஊதுறேன்.'

'நாலாம் நாள். மேல் முகாம். ரொம்ப நேரம் ஊதினேன்.'

அடுத்த அறையில், அவன் அறையில், ஒரு ஜிப்பை இழுக்கும் சத்தம். மெதுவாக, நீளமாக, கீழிருந்து மேலே. நனைந்த கம்பளியும் மண்ணெண்ணெயும் கலந்த ஒரு வாடை கதவிடுக்கு வழியாக வந்து அவள் காலடியில் தங்கியது. அவள் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. பார்க்கிற துணிச்சல் அவளுக்கு இல்லை.

'இருபத்தோராம் நாள். மேல் முகாம். விசில் நின்னுருச்சு.'

இருபத்தோராம் நாளா? சாப்பாடு இரண்டு நாளைக்குத்தானே கொடுத்தனுப்பினாள்.

வரிகள் நிற்கவில்லை. நவம்பர். மேல் முகாம். டிசம்பர். மேல் முகாம். கிறிஸ்துமஸ் அன்றும் ஒரு வரி. ஜனவரி. நாளுக்கு ஒன்று. ஒரு நாள்கூட விடவில்லை. பிப்ரவரி. மேல் முகாம். மேல் முகாம். அவள் வாயிலிருந்து புகை வந்தது. மே மாதத்தில். ஹைதராபாத்தில். விரல் நுனி மரத்தது. மார்ச். ஏப்ரல். மேல் முகாம்.

இன்றைய தேதி. இந்த நிமிஷத்து நேரம்.

'மேல் முகாம். இன்னும் இருக்கேன். சொல்லேன் எக்கா.'

அவள் ஃபோனை எடுத்தாள். கிருஷ்ணகுமாரைக் கூப்பிட்டாள்.

"தம்பி, ஓடையில தேடாதீங்க. அவன் இறங்கவே இல்ல. அத எழுதினது நான்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள், மீட்டிங் வரைக்கும்.

"ஏழு மாசம்," என்றான் கிருஷ்ணகுமார் கடைசியில். "உங்க அம்மா என் கையப் புடிச்சிட்டு அழுதாங்க. நீங்க பக்கத்துலதான் நின்னீங்க. அப்பகூட சொல்லணும்னு தோணலியா?"

ஃபோனை வைத்துவிட்டான்.

இரண்டு நாள் அவன் ஃபோன் எடுக்கவில்லை. தாளிலும் அதன் பிறகு புது வரி எதுவும் இல்லை. அறையில் பழையபடி வெயில். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு அவனே கூப்பிட்டான், மேல் முகாமுக்கு மேலே இருக்கும் முகட்டில் ஏறி நின்று.

"கிடைச்சிட்டான் அக்கா."

"எங்க தம்பி?"

"கூடாரத்துலயே இருக்கான். தூங்குற பைக்குள்ள. போயி பல மாசம் ஆச்சுன்னு வழிகாட்டி சொல்றாரு. முதல் வாரத்துலயே போயிருப்பானாம்."

அவள் அழுதாள். ஏழு மாதத்தில் முதல் தடவையாக வாய்விட்டு, ஐயோ என் தங்கமே என்று, பக்கத்து ஃப்ளாட்டுக்குக் கேட்கும்படி அழுதாள். சவப்பெட்டிக்குச் சொல்ல வேண்டும். பாதிரியாரிடம் பேச வேண்டும். அம்மா இனிமேல் படுக்கலாம்.

"அம்மாகிட்ட சொல்லிடட்டுமா தம்பி?"

"நக்கோ அக்கா, வேணாம். இருங்க." அவன் பல் கிடுகிடுக்கும் சத்தம் கேட்டது. "ஒரு ஃபோட்டோ அனுப்பியிருக்கேன். அத மொதல்ல பாருங்க."

படம் மேலிருந்து கீழாகத் திறந்தது. சாம்பல் வானம். சாய்ந்து கிழிந்த ஆரஞ்சுக் கூடாரம். சுற்றிலும் வெள்ளைப் பனி. அந்தப் பனியில் கூடாரத்தைச் சுற்றி வட்டமாக ஒரு தடம், நடந்து நடந்து அடியில் கறுப்பு மண் தெரியும் அளவுக்கு ஆழமாக. வெறுங்கால் தடம். ஐந்து விரல்களும் தெளிவாகப் பதிந்திருந்தன, ஒரு கால் நேராக, ஒரு கால் இழுத்தபடி. கூடார வாசலிலிருந்து வெளியே வருகிறது, சுற்றுகிறது, உள்ளே போகிறது. கீழே இறங்கும் பக்கம் ஒரு தடம்கூட இல்லை.

"இந்தப் பனி நேத்து ராத்திரி விழுந்தது அக்கா. எங்களுக்கு முன்னாடி யாரும் ஏறல. நாங்க அஞ்சு பேரும் ஷூ போட்டிருக்கோம்."

இன்னொரு படம் வந்தது. பையின் கால்பக்கத்தை விலக்கி எடுத்திருந்தார்கள். வற்றிக் கறுத்துக் கட்டையாகிப்போன இரண்டு பாதங்கள், விரல்களுக்கு நடுவில் புதுப்பனி.