மெய்மணி கேட்காத குரல்

நித்திய வார்த்தைப்பாட்டுக்கு இன்னும் முப்பத்தொரு மணி நேரம் இருந்தது. அதைக் கொடுத்துவிட்டால் சிஸ்டர் ஜெசிந்தா சாகும்வரை மடத்துக்கு உரியவள். கொடுக்கலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளாமல் பீடத்தின் முன் நிற்பதில்லை என்று மட்டும் முடிவெடுத்திருந்தாள். அண்ணன் இனிகோ படகைக் கரையேற்றிவிட்டுத் வார்த்தைப்பாட்டுத் திருப்பலிக்கு வந்துவிடுவதாகப் போனில் சொல்லியிருந்தான்.

அவள் இடுப்பில் தொங்கிய செபமாலையில், சிலுவைக்கு அடுத்ததாக, கொஞ்சம் பெரிய மணி ஒன்று இருந்தது. மெய்மணி. எதிரில் பேசுபவரின் குரல் நடுக்கத்தையும் மூச்சையும் தோலின் சூட்டையும் தொடாமலே அளக்கும். சொல்வதை அவர் நம்பினால் நீலமாக எரியும், நம்பாவிட்டால் அணையும். போலிப் போதகர்கள் பெருகிய காலத்தில் வந்த கருவி. சில ஆண்டுகளில் பிரசங்க மேடைகள் பாதி காலியாகிவிட்டன. ஆன்ம குருவைத் தேடுகிறவர்கள் இப்போது முகத்தைப் பார்ப்பதில்லை, மெய்மணியைத்தான் பார்க்கிறார்கள்.

காலையில் பேர்பெற்ற தியான குரு ஒருவரிடம் போனாள். பத்தாண்டு மட வாழ்வை விவரித்தாள். தயங்காமல் வார்த்தைப்பாடு கொடுக்கச் சொன்னார். நீலம். மதியம் பழைய தலைமைச் சகோதரியிடம் அதையே விவரித்தாள். ஓராண்டு பொறுக்கச் சொன்னார். அதே நீலம்.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போதுதான் உறைத்தது. இருவரும் மனதார நம்பியே சொன்னார்கள். சொன்னது எதிரெதிர். மெய்மணிக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மடத்துக்குத் திரும்பவில்லை. கடலோரப் பங்குக் கோயிலின் குருவான ரெமிஜியுஸ் சாமியைப் பார்க்க ஆட்டோ பிடித்தாள். அவர் பேசினால் மெய்மணி எரிந்து எரிந்து அணையும். 'மினுக்குச் சாமி' என்று ஊரில் பேர்.

"அவர்ட்டயா போறிய சிஸ்டர்? பிரசங்கத்துல பாதி நேரம் அவருக்கே சந்தேகம்" என்றார் ஆட்டோக்காரர்.

"அதனாலதான்" என்றாள்.

ரெமிஜியுஸ் சாமி கோயில் மைக்கைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். கையைத் துடைத்துக்கொண்டு, அவள் கதையையும் அந்த இருவர் சொன்னதையும் கேட்டுக்கொண்டார். முடிவு எதுவும் சொல்லவில்லை. மடத்துக்கு ஏன் வந்தாள் என்று மட்டும் விசாரித்தார்.

"ஆசைப்பட்டு வந்தேன் ஃபாதர். பதினாறு வயசுல."

அவர் மெய்மணியைப் பார்த்தார். அது சும்மா கிடந்தது. போட்டிருப்பவரின் குரலை இரைச்சலாகக் கழித்துவிடும்படிதான் எல்லா மெய்மணிகளையும் செய்திருந்தார்கள்.

"எனக்குத் தெரியல சிஸ்டர்" என்றார். "நீங்க சொன்ன பொண்ணுக்கு ரெண்டு பேரும் நல்லபடியாத்தான் வழி சொல்லியிருக்காங்க. அந்தப் பொண்ணு நீங்கதானான்னுதான் எனக்குத் தெரியல."

மெய்மணி நீலமாக எரிந்தது. ஒருமுறைகூட மினுக்கவில்லை.

ஜெசிந்தா எழுந்தாள். வாசல்வரை போனாள். கடைசி பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. திரும்பி வந்து செபமாலையைக் கழற்றி, மேசையில் அவர் பக்கமாக வைத்தாள். கழற்றிய கருவிக்கு இனி அவளும் யாரோ ஒருத்தி.

"ஆசைப்பட்டு வந்தேன்" என்றாள் மறுபடியும்.

மெய்மணி அணைந்தது.

இருவரும் அதைப் பார்த்தார்கள். அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"எங்க அண்ணன் கடல்ல காணாமப் போயிட்டான் ஃபாதர். அவன் உசுரோட வந்தா மடத்துக்குப் போயிருதேன்னு மாதாட்ட நேந்துக்கிட்டேன். மூணாம் நாள் வந்துட்டான்."

இருண்டு கிடந்த மெய்மணி மெல்ல நீலமானது. அவள் அதைப் பார்க்கவில்லை.

"நான் மடத்தை விட்டு வெளிய வந்தா கடல் அவனைத் திரும்ப எடுத்துக்கிடுமோன்னு பயம். அதுக்காகத்தான் இத்தன வருசமும் உள்ள இருக்கேன்."