ஆளில்லாத கால் மணி நேரம்

பள்ளி வேனிலிருந்து இறங்கிய தர்வினியின் தலையில் இரட்டைப் பின்னல் இருந்தது.

குணவதி கேட்டைத் திறந்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நடு வகிடு கோணாமல் எடுத்து, காதோரம் ஒரு முடிகூடப் பிசிறாமல், நுனியைச் சிவப்பு ரிப்பனால் மடித்துக் கட்டிய பின்னல். மகளைக் காலையில் பள்ளிக்குக் கிளப்புவது அவள் கணவன் லோகேஸ்வரன். குலிம் தொழிற்சாலையில் எந்த மிஷினையும் கழற்றி மாட்டுவான். பெண்பிள்ளை முடியைப் பிடிக்க மட்டும் அந்தக் கைக்கு வராது. ஒரு ரப்பர் பேண்டைப் போட்டு அனுப்புவதோடு சரி.

“யார்மா பின்னி விட்டது?”

“நீங்கதான்மா. நேத்து ராத்திரி.”

நேற்று ராத்திரி குணவதி சுங்கைப்பட்டாணியில், மருத்துவமனையின் மூன்றாம் மாடி வார்டில் நர்ஸ் வேலையில் இருந்தாள். நான்கு வருடமாக எல்லா ராத்திரியும் அங்கேதான். அந்த இடத்திலேயே பயந்திருக்க வேண்டும். ஆனால் நிரந்தர நைட் பார்க்கிறவர்களுக்குப் பயமும் சந்தோஷமும் கம்பளிக்கு வெளியே நின்று தட்டுகிற மாதிரிதான் வந்து சேரும். பிள்ளை எதையோ உளறுகிறது என்று நினைத்துக்கொண்டு சோற்றைப் போட்டுக் கொடுத்தாள்.

அந்த வீட்டில் தினமும் ஒரு கால் மணி நேரம் பெரியவர்கள் யாரும் இருப்பதில்லை. அதை அவளும் லோகேஸ்வரனும் வெளியே சொன்னதில்லை. ஒன்பது மணி ஷிப்டுக்கு அவள் எட்டேகாலுக்குக் கிளம்பியாக வேண்டும். குலிமிலிருந்து அவன் மோட்டார் சைக்கிள் வந்து சேர எட்டரை ஆகும். நடுவில் தர்வினி டிவி முன்னால் தனியாக உட்கார்ந்திருப்பாள். கதவை வெளியே பூட்டிவிட்டுத்தான் குணவதி போவாள்.

வார்டில் இப்படிச் செய்துவிட முடியாது. ஷிப்டு முடித்த நர்ஸ், வருகிற நர்ஸோடு ஒவ்வொரு கட்டிலாக நின்று, நோயாளி எப்படி இருக்கிறார் என்று சொல்லி ஒப்படைக்க வேண்டும். பாஸ் ஓவர் என்பார்கள். வந்தவள் “சரி, நான் எடுத்துக்கறேன்” என்று சொன்ன பிறகுதான் மற்றவள் நகரலாம். குணவதியைப் பழக்கிய சிஸ்டர் ஞானாம்பிகை, தலை போகிற காரியமானாலும் இதில் விட்டுக்கொடுத்ததில்லை. கட்டிலின் காலடியில் நின்றுகொண்டு, நோயாளியின் தலைக்கு மேலாகத்தான் பேசிக்கொள்வார்கள். பக்கிரிசாமி என்ற கிழவர் ஒருமுறை, “என்னைப் பத்திப் பேசறீங்க, என்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறீங்களே” என்று கேட்டார். குணவதி சிரித்துக்கொண்டே விரிப்பின் மூலையை மடித்து மெத்தைக்கடியில் இறுக்கிச் செருகிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

போன மாதம் தர்வினிக்குக் காய்ச்சல் அடித்த அன்றும் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. கதவைப் பூட்டப் போனவளுக்குக் கால் எழவில்லை. குற்ற உணர்வாக இருந்தது. வாய் தானாகவே பழக்கத்தில் சொல்ல ஆரம்பித்தது.

“தர்வினி, ஏழு வயசு. காய்ச்சல் இறங்கியிருக்கு. மருந்து கொடுத்தாச்சு. கொஞ்சம் கஞ்சி குடிச்சா. பார்த்துக்குங்க.”

உள்ளே ஆளில்லாத அறைகளைப் பார்த்துத்தான் சொன்னாள். சொன்னதும் மனம் லேசானது. அதற்குப் பிறகு தினமும் சொன்னாள். யாரும் “சரி” என்று சொன்னதாக அவள் காதில் விழவில்லை.

இந்த மாதக் கடைசியில் அவளுடைய வார்டை மூடுகிறார்கள். அடுத்துச் சேர இரண்டு வேலை கையில் இருந்தது. பின்னலைப் பார்த்த அன்று மாலை தோழி ஷீலா போனில் பிடித்துக்கொண்டாள்.

“நம்ம பாடாங் செராய்லயே டயாலிசிஸ் சென்டர், பகல் வேலை, ஞாயிறு லீவு. கரும்பு தின்னக் கூலியா லா கேக்கற?”

“சம்பளம் கம்மி. அலோர் ஸ்டார்ல நைட்டுன்னா அலவன்ஸ் இருக்கு. வாரம் நாலு ராத்திரிதான்.”

“அலோர் ஸ்டாருக்கு இன்னும் சீக்கிரமா கிளம்பணுமே. பிள்ளையை யார் பார்ப்பா?”

குணவதி போனைக் காதில் வைத்தபடியே மகளின் அறைக்குள் நுழைந்திருந்தாள். கட்டில் விரிப்பின் நான்கு மூலையும் உறை மாதிரி மடிக்கப்பட்டு, மெத்தைக்கடியில் இறுக்கிச் செருகியிருந்தன. காய்ச்சல் மருந்தின் சின்ன பிளாஸ்டிக் குவளை கழுவி, டிஷ்யூ மேல் கவிழ்த்து வைத்திருந்தது. அறை முழுக்க ஒரு வாடை. வார்டில் கை கழுவும் இளஞ்சிவப்பு மருந்தின் வாடை. அந்த மருந்து அவள் வீட்டில் கிடையாது.

லோகேஸ்வரனுக்குப் போன் போட்டாள்.

“பெட்ஷீட்டா? நீ போட்டதுதானே? நான் வர்றப்பவே தினம் அப்படித்தான் இருக்கு. ஏன் குணா?”

“ஒண்ணுமில்லைங்க.”

தர்வினி தரையில் குப்புறப் படுத்து வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். குணவதி பக்கத்தில் உட்கார்ந்து, குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டாள்.

“அம்மா வேலைக்குப் போனதும் என்னம்மா பண்ணுவே?”

“நீங்க கதவைப் பூட்டிட்டுப் போவீங்க. அப்பறம் ரூமுக்குள்ள இருந்து வருவீங்க.”

“வந்து?”

“படுக்கையைச் சரி பண்ணுவீங்க. நேத்து தலையும் பின்னி விட்டீங்க. பேச மாட்டீங்க. அப்பா வந்ததும் அலமாரி பக்கத்துல போய் நின்னுக்குவீங்க.” பிள்ளை பச்சை நிறத்தைத் தேடி எடுத்தது. “காலையில வரைக்கும் நிப்பீங்க. கால் வலிக்காதாம்மா?”

அன்று கிளம்பும்போது குணவதி வழக்கம்போல் “பார்த்துக்குங்க” என்று சொல்லவில்லை. பேசாமல் கதவைப் பூட்டி, காரை எடுத்து, தாமான் குடியிருப்பின் கடைசி வீட்டைத் தாண்டி செம்பனை மரங்கள் தொடங்குகிற இடத்தில் விளக்கை அணைத்து நிறுத்தினாள். மழை பெய்து ஓய்ந்திருந்தது. மட்டைகளிலிருந்து சொட்டுகிற தண்ணீர் காரின் கூரையில் விட்டு விட்டு விழுந்தது, எங்கோ ஒரு நாய் குரைத்துவிட்டு நடுவிலேயே நிறுத்திக்கொண்டது, ஈர மண்ணும் அழுகிய செம்பனைக் காயும் கலந்த நெடி கண்ணாடி இடுக்கு வழியே உள்ளே வந்தது. அங்கிருந்து பார்த்தால் அவள் வீட்டு முன்னறை ஜன்னல் தெரியும். திரை பாதி விலகியிருந்தது. டிவியின் நீல வெளிச்சம். அதில் தர்வினியின் தலை.

தலைக்குப் பின்னால் இரண்டு கைகள். முழங்கைக்கு மேலே வெள்ளை நர்ஸ் சட்டை. கைகள் நிதானமாக வகிடு எடுத்தன.

லோகேஸ்வரனின் மோட்டார் வந்து நின்றது. அவன் கதவைத் திறந்து உள்ளே போனான். கைகளைக் காணோம். அவன் மகளைத் தூக்கிக் கொஞ்சுவது ஜன்னலில் தெரிந்தது.

ஓடிப்போய்ப் பிள்ளையை வாரி எடுத்திருக்க வேண்டும். குணவதி கார் சாவியைத் திருப்பினாள். வேலைக்குப் போனாள். வார்டில் ஒருத்தி அவளுக்காகக் காத்திருந்தாள். இவள் போகாவிட்டால் அவள் நகர முடியாது. கை ஸ்டீயரிங்கில் இருந்தது, கால் அமுக்கிக்கொண்டிருந்தது. அழுகைகூட வரவில்லை. போய்ச் சேர்ந்ததும் டயாலிசிஸ் சென்டருக்கு, வருகிறேன் என்று ஒரு வரி அனுப்பினாள்.

அவள் கணக்கு எளிமையானது. ஒப்படைத்தவள் திரும்பி வந்து வாங்கிக்கொண்டால், பொறுப்பு எடுத்தவள் போய்த்தான் ஆகவேண்டும். நர்ஸுகளுக்கு உள்ள விதி அதுதான்.

பகல் வேலையின் முதல் நாள் அவள் ஐந்தரைக்கே வீட்டிலிருந்தாள். லோகேஸ்வரன் வரும் வழியில் மீ கோரேங் வாங்கி வந்தான். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். “பார்த்தியா, இப்பதான் குடும்பம் மாதிரி இருக்கு” என்றான் அவன். பல வருடத்துக்குப் பிறகு குணவதிக்கு உள்ளே ஏதோ கதகதப்பாக அசைந்தது. சந்தோஷம்தான் அது. ஒரு நிமிடம் கழித்துத்தான் அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

பெரிய கட்டிலில் மூவரும் படுத்தார்கள். கணவன் சுவரோரம், நடுவில் பிள்ளை, இந்த ஓரத்தில் அவள். இருவரும் உடனே தூங்கிப்போனார்கள். ஒன்பது அடிக்கப் போகிறது. ஷிப்டு மாறுகிற நேரம்.

முதலில் வாடை வந்தது. பிறகு சிமெண்டுத் தரையில் ரப்பர் செருப்பின் ஓசை, மெதுவாக, அலமாரிப் பக்கமிருந்து. கட்டிலின் காலடியில் வெள்ளைச் சட்டை போட்ட உருவம் ஒன்று வந்து நின்றது.

குணவதி தயாராக வைத்திருந்த வார்த்தையைச் சொன்னாள். “நான் வந்துட்டேன். சரி, நான் எடுத்துக்கறேன். நீங்க போகலாம்.”

அது அவளைப் பார்க்கவே இல்லை. அவள் தலைக்கு மேலாக, கதவுப் பக்கம் பார்த்துப் பேசியது. குணவதியின் குரல். அதே களைப்பு.

“முதல் ஆள் லோகேஸ்வரன். சாப்பிட்டார். தூங்கறார். தொந்தரவு இல்லை.”

கதவுப் பக்கம் இன்னொரு செருப்பு ஓசை.

“அடுத்து தர்வினி, ஏழு வயசு. காய்ச்சல் இல்லை. நல்லாப் பழகிட்டா.”

எழுந்திரு. எழுந்திரு. கால் அசையவில்லை.

“மூணாவது குணவதி. இன்னிக்குத்தான் சேர்ந்தது. முழிச்சிருக்கு. என்னென்னமோ பேசும். பதில் சொல்லத் தேவையில்லை.”

“ஏங்க,” என்றாள். அவன் புரண்டு படுத்தான். பிள்ளை விழித்திருந்தாள். அம்மாவைத் தாண்டி, காலடியில் நிற்பதைப் பார்த்துச் சிரித்தாள்.

கதவருகே நின்ற இன்னொன்றும் குணவதியின் குரலில்தான் பேசியது.

“சரி, நான் எடுத்துக்கறேன்.”

அது கிட்டே வந்தது. குனிந்தது. விரிப்பின் மூலையை மடித்தது. அவள் காலோடு சேர்த்து, மெத்தைக்கடியில் இறுக்கிச் செருகியது.