சாயம் ஒட்டாத வேகன்

அந்த வேகனில் ஓரிடத்தில் மட்டும் பெயிண்ட் நிற்கவில்லை.

கதவுக்கு இடப்பக்கம், நெஞ்சு உயரத்தில், இரண்டு கை அகலத்துக்கு. எத்தனை முறை அடித்தாலும் மறுநாள் காலையில் சிவப்புச் சாயம் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரிந்து தொங்கியது. இரும்பில் ஈரம் இருக்கும் என்றார் பெயிண்டர். ஸத்யபாமா உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள், சட்டென்று இழுத்துக்கொண்டாள். வெளியே மார்கழித் தூறல். மலை மேகத்துக்குள் போய்விட்டிருந்தது, வேகனை நிறுத்தியிருந்த கொட்டகையின் தகரக் கூரையிலிருந்து சொட்டும் நீர் விரலை விறைக்கவைத்தது. அந்த ஓரிடம் மட்டும் சித்திரை மத்தியானத்து இரும்பாகக் கொதித்தது.

யாரிடமும் அவள் சொல்லவில்லை.

திருப்பதியில் புதிதாக வரும் பூங்காவில் காட்சிக்கு வைக்க வந்த மீட்டர்கேஜ் காலத்து மூடு வேகன் அது. அதைக் கொடுத்த யார்டிலிருந்து பெயிண்ட் வேலையைப் பார்த்துக்கொள்ளக் கூடவே வந்த அவளே பலகைக்கான வாசகத்தையும் எழுதியிருந்தாள். காட்பாடிக்கும் பாகாலாவுக்கும் தர்மாவரத்துக்கும் வெல்லமும் புளியும் நிலக்கடலையும் சுமந்த வண்டிகள். அகலப் பாதை வந்ததும் அந்தச் சக்கரங்களுக்குத் தண்டவாளமே இல்லாமல் போனது. சில வேகன்கள் சாமான் அறைகளாயின, சிலவற்றில் வேலையாட்கள் படுத்தார்கள், மிச்சம் துருப்பிடித்தது. 'ஜன்னல் கிடையாது. வெளியிலிருந்துதான் திறக்க முடியும்' என்ற வரியை எழுதிவிட்டு அழித்தாள். பூங்காப் பொறுப்பாளர் வேதாந்த் அதை மறுபடி சேர்த்தார்.

"இதுதானே மேடம் இதோட விசேஷமே."

பாகாலாவுக்கு வெளியே ஒரு காண்ட்ராக்டரின் பழைய இரும்பு யார்டில் ஸத்யபாமா சூப்பர்வைசர். போன சித்திரையில், வேகன்களுக்குள் கண்டவர்கள் புகுந்து படுப்பதாகப் பேச்சு வந்ததும், எல்லாக் கதவையும் வெல்டு வைத்து மூடச் சொன்னது அவள்தான். கடைசி வேகனில் வெல்டர் மணிவேல் முகமூடியைத் தூக்கினான்.

"மேடம், உள்ள யாரோ தட்டிக்கினு கீற மாரி இருக்குது."

"வெயில்ல இரும்பு அப்படித்தான் சத்தம் போடும். முடிச்சுட்டு வா."

பத்தடி நடந்து போய்க் காதை வைத்திருக்கலாம். தலை வலித்தது. ஜீப் காத்திருந்தது. அவள் போகவில்லை.

அந்த வாரமே நகரியிலிருந்து கமலம்மா வந்தாள். யார்டில் லோடு ஏற்றும் துலுக்காணத்தின் மனைவி.

"வேலைக்குன்னு வந்தவருதாம்மா, வூட்டுக்கு வரல. மத்தியானத்துல அந்தப் பொட்டிங்கள்லதான் படுப்பேன்னு சொல்லுவாரு..."

யோசிப்பதற்குள் ஸத்யபாமாவின் வாய் பேசிவிட்டது.

"ஸ்ரீ சிட்டி பக்கம் வேலைக்குப் போறேன்னு சொன்னாராமே."

கமலம்மாவின் முகம் தெளிந்தது. கும்பிட்டுவிட்டுப் போனாள். இன்றைக்கும் அங்கே ஒவ்வொரு ஃபேக்டரி கேட்டிலும் போட்டோவைக் காட்டி விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

மற்ற வேகன்களைப் பழைய இரும்புக்காக வெட்டத் தொடங்கியபோது, பூங்காவுக்கு ஒன்று வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். ஸத்யபாமா அந்தக் கடைசி வேகனைக் காட்டினாள். உள்ளே தரை பலவீனம், கதவைத் திறக்க வேண்டாம் என்றும் சொல்லிவைத்தாள். ஊரே சுற்றி நின்று பார்க்கட்டும்; மூடியே இருக்கும்.

ஆனால் வேதாந்த் கேட்கவில்லை. "உள்ள எட்டிப் பாக்க முடியலேன்னா யார் மேடம் வருவா? கதவை இன்னிக்கே வெட்டித் திறந்துடுங்கோ" என்று போனில் சொல்லிவிட்டார். அந்தி சாயும் நேரத்தில் கேஸ் கட்டரோடு வந்தவன் மணிவேல். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

நீலச் சுடர் சீறியது. எரியும் பெயிண்டின் நாற்றம் தொண்டையைக் கரித்தது. கூரைமேல் தூறல் அரிசி புடைப்பதுபோலச் சரசரத்துக்கொண்டிருந்தது, அதற்கடியில் வேறொரு சத்தமும் இருந்தது, சுடரின் சீற்றத்தில் மூழ்கி மூழ்கி எழுந்தது. சூட்டில் இரும்பு விரிகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரும்பு இப்படி விட்டுவிட்டுத் தட்டாது. அவள் இரண்டடி வலப்பக்கம் நகர்ந்தாள். சத்தமும் வலப்பக்கம் வந்தது. இடப்பக்கம் போனாள்.

அங்கேயும்.

"கேக்குதா மணிவேல்?"

"அன்னிக்கே கேட்டுச்சி மேடம்."

கதவு நகர்ந்தது. வாடை எதுவும் இல்லை. அடுப்பைத் திறந்தாற்போல ஓர் அனல் மட்டும். போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தாள். மூலைகள். கூரை. தரை. காலி.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும். இத்தனை மாதம் சோறு இறங்காமல், தூக்கம் பிடிக்காமல் கிடந்ததெல்லாம் வெறும் பிரமை. அந்த மனுஷர் நிஜமாகவே எங்கோ வேலைக்குப் போயிருக்கிறார்.

"பாத்தியா? ஒண்ணுமே இல்ல. ஒண்ணுமே இல்ல மணிவேல்!"

அவன் கட்டரைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்தான்.

வெளிச்சம் கதவை ஒட்டிய இடப்பக்கச் சுவரின் உட்புறத்தில் விழுந்தது. நெஞ்சு உயரத்தில், இரண்டு கை அகலத்துக்கு, துருவெல்லாம் தேய்ந்து இரும்பு பளபளத்தது. அதன் கீழே தரையில் கனத்த தூசி. தூசியில் வெறுங்கால் தடங்கள். சுவரிலிருந்து கிளம்பிக் கதவை நோக்கி வந்தன. வாசல் விளிம்பில் கால்விரல் ஐந்தும் அழுந்தியிருந்தன. அதற்கு நேரெதிரே அவள் நின்றிருந்தாள்.

திரும்பிப் போன தடம் ஒன்றுகூட இல்லை.

அனல் அவள் தோளை உரசிக்கொண்டு கடந்தது.

முதுகுக்குப் பின்னால் மணிவேலின் குரல் கேட்டது. நோயாளியிடம் பேசுவதுபோல, மிக மெதுவாக.

"இந்தாண்ணா... பொறுமையா குடி."

திரும்பினாள்.

தன்னைவிட உயரமான யாரையோ பார்ப்பவன்போல மணிவேல் நிமிர்ந்து நின்றிருந்தான். கன்னமெல்லாம் கண்ணீர். உயர்த்திய கையில் தண்ணீர் பாட்டில் கவிழ்ந்திருந்தது. அதிலிருந்து நூலாகத் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

கீழே சிமெண்டுத் தரை காய்ந்தே கிடந்தது. ஒரு சொட்டு ஈரமில்லை. மடக் மடக்கென்று யாரோ விழுங்கும் சத்தம் மட்டும்.