தெளிக்காத செடி

பால்கனித் தொட்டியிலிருந்த தக்காளிச் செடி பச்சையாக ஒளிர்ந்தது. ஒளிரக் கூடாது.

இறந்துபோன மனைவியின் மேசையை ஒழித்துத் தரச் சொல்லியிருந்தார்கள் ஆய்வகத்தில். அங்கிருந்து அவன் அட்டைப்பெட்டியில் அள்ளி வந்த சாமான்களில் ஒன்று அந்தப் புறஊதாக் கைவிளக்கு. எரிகிறதா என்று பார்க்கத்தான் அழுத்தினான். இலைத்துளை வழியே பயிருக்குள் புகுந்து, சத்தை வேர்வரை சுமந்துபோகும் நானோ துகள்கள் அந்த விளக்கில் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். இருவரும் சேர்ந்து ஆறு வருடம் உருவாக்கியவை. தெளித்துத் தெளித்து அவள் நுரையீரலில் படிந்தவையும் அவைதான். முகமூடியின் வடிகட்டியை மாற்ற வேண்டும் என்று அவள் சொன்னபோதெல்லாம், நாளைக்குப் பார்த்துக்கலாம் என்றவன் அவன்.

வீட்டுச் செடிக்கு அவர்கள் ஒருநாளும் தெளித்ததில்லை.

ஈரமண் வாசனையோடு இன்னொன்றும் வந்தது. கடைசி வாரம் ஆஸ்பத்திரிப் படுக்கையில் அவள் தலைமுடியிலிருந்து வந்த வாசனை. காற்றே இல்லை. ஆனாலும் இலைகள் ஒன்றோடொன்று உரசி, மூச்சுக்குத் திணறுபவளைப்போல இழுத்தன, நின்றன, மறுபடி இழுத்தன. இலை நரம்புகளுக்குள் அந்தப் பச்சை, அவன் விரல் போன பக்கமெல்லாம் திரும்பியது.

"கண்ணு, இந்தத் தொட்டில என்ன போட்ட?"

ஏழு வயது மகள் வாசலில் நின்றாள். "திட்ட மாட்டீங்களே?"

"மாட்டேன். சொல்லு."

"அம்மாவோட சாம்பல். கொஞ்சூண்டுதான்ப்பா. நீங்க எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிருவீங்கன்னு பயமா இருந்துச்சு."

துகள்கள் நெருப்பிலும் அழியாதவை. அதைப் பெருமையாக அறிக்கையில் எழுதியவனும் அவன்தான்.

செடியில் வெறும் காம்புகள்.

"பழமெல்லாம் எங்க?"

"நான்தான் சாப்பிட்டேன். இப்பல்லாம் எனக்கு அழுகையே வர்றதில்லப்பா. அம்மா உள்ள புடிச்சுக்கிறாங்க."

விளக்கை அவள் பக்கம் திருப்பினான்.

உதடு. பச்சை.

கழுத்து. பச்சை.

நெஞ்சில், மெல்லிய பருத்திச் சட்டையையும் மீறி, ஒரு பெரியவளின் உள்ளங்கை. ஐந்து விரல்கள். உள்ளேயிருந்து அழுந்தியபடி.

முழங்காலிட்டான். "குழந்தைய விட்டுடு," என்றான் தன் மனைவியிடம். "தப்பு என்னோடது. என்னை எடுத்துக்க."

மகள் சிரித்தாள். விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. துடித்துக்கொண்டிருந்த அந்தச் சின்ன இடத்தை இறுகப் பொத்திக்கொண்டன.