சாய்பிரியாவின் ஃபோல்டர்

மேசை மேலிருந்த லேப்டாப் 'டிங்' என்றது.

அது அடிக்கக் கூடாத மணி. அலுவலகத்தின் பொது டிரைவில் சாய்பிரியாவின் ஃபோல்டருக்குள் ஒரு ஃபைல் புதிதாக வந்தாலோ, திருத்தப்பட்டாலோ, அழிக்கப்பட்டாலோ மட்டுமே அடிக்கும்படி மங்கையர்க்கரசிதான் அந்தக் காவல் புரோகிராமை எழுதியிருந்தாள். சாய்பிரியாவோ பூஜை விடுமுறைக்குச் சென்னை போய்விட்டாள். அவளுடைய லேப்டாப் அவள் குடியிருக்கும் பக்கத்து அறைக்குள் இருந்தது. அறைக் கதவில் வெளிப்பக்கம் பித்தளைப் பூட்டு தொங்கியது.

துர்கா பூஜையின் அஷ்டமி மாலை. லேக் கார்டன்ஸ் தெருக்களில் டாக் மேளம் அதிர்ந்து அதிர்ந்து சுவரில் ஏறியது. பந்தலிலிருந்து சாம்பிராணிப் புகையும், எங்கோ பொரிக்கும் கட்லெட்டின் கடுகெண்ணெய் வாசனையும், மழையில் ஊறிய பழைய வீட்டின் பாசி நாற்றமும் ஒன்றாகக் கலந்து ஜன்னல் வழியே வந்து திரைச்சீலையில் தங்கின. கீழ்வீட்டு ரஞ்சனா மாஷி கிளம்பும்போது படியில் நின்று, "டாக்குர் தேக்தே ஜாபே நா?" என்று வங்காளியில் குரல் கொடுத்தாள். சாமி பார்க்க வரவில்லை, வேலை இருக்கிறது என்று மங்கை சொல்லிவிட்டாள். வாசல் இரும்புக் கிராதிக் கதவைப் பூட்டும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் ஒருத்திதான்.

வேலை என்ன வேலை? வேவு பார்க்கிற வேலை. பூஜை முடிந்ததும் டீம் லீட் யார் என்று மேனேஜர் ரோஹித் அறிவிப்பான். மூன்று வருடமாக இந்த டீமின் ஓட்டையெல்லாம் அடைத்தவள் மங்கை. போன வருடம் வந்தவள் சாய்பிரியா. ஆனால் ரோஹித் யாருடைய ஆங்கிலத்துக்குத் தலையாட்டுகிறான் என்று ஊருக்கே தெரியும். மங்கையின் வீட்டில் அவள்தான் முதல் பட்டதாரி. தூத்துக்குடி உப்பளத்தில் அப்பா மாரியப்பனோடு லீவு நாளெல்லாம் நின்று வேலை செய்து படித்தவள். உப்பு வாரும் பலகை வெட்டிய பிறைத் தழும்பு இன்னும் இடது குதிகாலில் இருக்கிறது. சாய்பிரியாவின் பாதத்தைப் பார்த்தாலே அவளுக்கு வயிறு எரியும். வெடிப்பே இல்லாத, மண்ணே மிதிக்காத பாதம். நகத்தில் ரோஸ் பாலிஷ் வேறு.

அதனால்தான் அந்தப் புரோகிராம். சாய்பிரியா எதைச் சேமித்தாலும் அது உடனே மங்கையின் ஃபோல்டருக்கு வந்துவிடும். அவள் முடிப்பதற்குள் இவள் முடித்துக்காட்டிவிடலாம்.

'டிங்.'

திரையில் ஒரு வரி. புதிய ஃபைல்: அப்பா குரல்.

திறந்தாள். "ஏட்டி மங்கை, சாப்ட்டியா? மழையில நனையாத, என்ன?" அப்பா போன வாரம் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ். அவளுடைய ஃபோனுக்குள் மட்டும் இருந்தது. அது எப்படி சாய்பிரியாவின் ஃபோல்டருக்குப் போனது?

ஊருக்குக் கிளம்பிய அன்று சாய்பிரியா பெட்டியை இழுத்துக்கொண்டு இந்த அறை வாசலில் நின்றது ஞாபகம் வந்தது.

"மங்கை, ஒண்ணு சொல்லவா? உன்னப் பாத்தா எனக்கு ரொம்பப் பொறாமையா இருக்கு."

"என்னையா? வெளையாடாதடி."

"நிஜமா. தினம் உங்கப்பா ஃபோன் பண்றாரு. எங்கப்பா என் பிறந்தநாளக் கூட செக்ரட்டரியக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்குவாரு."

"அப்படின்னா எங்கப்பாவ நீயே வச்சுக்க. ஒங்க வீட்டுக் கார எனக்குத் தா."

சாய்பிரியா சிரிக்கவில்லை. "சரி," என்றாள். போய்விட்டாள்.

'டிங்.' மங்கையின் டிகிரி சர்டிபிகேட். 'டிங்.' உப்பளத்தில் அப்பாவோடு நிற்கும் ஃபோட்டோ. மங்கை தன் ஃபோல்டரைத் திறந்தாள். அங்கே அவளுடைய ஃபைல்கள் ஒன்றொன்றாக மறைந்துகொண்டிருந்தன. அந்த இடங்களில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்தது. யாரோ ஒரு பெண்ணின் பிறந்தநாள் கேக். நீச்சல் குளம். கார்.

புரோகிராமை வரி வரியாகப் பார்த்தாள். அவசரத்தில் செய்த தப்பு கண்ணில் பட்டது. அங்கிருப்பதை இங்கே நகல் எடு என்று எழுதுவதற்குப் பதிலாக, இரண்டு பக்கமும் கொடுத்து வாங்கும் கட்டளையைப் போட்டிருக்கிறாள். அங்கிருப்பது இங்கே. இங்கிருப்பது அங்கே. சரி, தப்புதான். ஆனால் அது டிரைவில் கிடக்கும் ஃபைல்களோடு நிற்க வேண்டும். ஃபோனில் இருந்த குரல்வரை அதன் கை எப்படி நீளும்?

நிறுத்தினாள். நிற்கவில்லை. வைஃபையைத் துண்டித்தாள்.

'டிங்.'

வெளியே மேளம் சட்டென்று ஓய்ந்தது. அஷ்டமி நவமியாக மாறும் சந்தி பூஜை நேரம் போலிருக்கிறது. தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டது. அந்த அமைதியில், சுவருக்கு அந்தப் பக்கம், நாற்காலி நகர்ந்தது.

பூட்டிய அறை.

அப்பாவுக்கு ஃபோன் போட்டாள். வெகுநேரம் அடித்த பிறகு எடுத்தார்.

"அப்பா..."

"யாருங்க?"

"நாந்தான்ப்பா. மங்கை."

"எம் மவ இன்னொரு லைன்ல பேசிக்கிட்டிருக்காம்மா. நீங்க தப்பா போட்டுட்டீங்க போல."

வைத்துவிட்டார்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் பேசினாள். "யாருப்பா அது, குறுக்க?" உப்புக் காற்றில் காய்ந்த குரல். அலுவலகத்தில் மங்கை ஒளித்து ஒளித்து வைக்கும் தூத்துக்குடித் தமிழ். இழுவை அதே. சிரிப்பு அதே. "ராங் நம்பரா? சரி விடு. நீ சாப்ட்டியாப்பா?"

மங்கை எழுந்தாள். நடையில் விளக்கில்லை. சுவரைத் தடவிக்கொண்டு போனாள். பித்தளைப் பூட்டு. தொட்டாள். பூட்டியேதான் இருந்தது. சில்லென்று. கதவின் அடியில் மட்டும் ஒரு வரி மஞ்சள் வெளிச்சம்.

மண்டியிட்டாள். கன்னத்தைத் தரையில் வைத்தாள்.

இரண்டு கால்கள். கதவுக்கு முதுகைக் காட்டி நின்றன. கறுத்த கால்கள். பாளம் பாளமாக வெடித்த பாதம். இடது குதிகாலில் பிறைத் தழும்பு.

"இல்ல," என்றாள் மங்கை. வாயிலிருந்து வந்த குரல் மெலிந்து, வழவழவென்று, யாருடையதோ போலிருந்தது.

பின்னால், அவளுடைய அறையில், 'டிங்.' தலையைத் திருப்பினாள், திறந்த கதவு வழியே திரை தெரிந்தது. இடமாற்றம் முடிந்தது. மேற்கொண்டு மாற்றம் எதுவும் இல்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் கால்கள் மெல்லத் திரும்பி, விரல்கள் அவளை நோக்கி நின்றன.

பின்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தவளின் பார்வை தன் கால்மேல் விழுந்தது. கதவிடுக்கு வெளிச்சத்தில் தரைமேல் மடிந்து கிடந்தன, வெடிப்பே இல்லாத, மண்ணே மிதிக்காத இரண்டு பாதங்கள். பத்து நகத்திலும் ரோஸ் பாலிஷ் மின்னியது.