பூச்சுத் தூள்

மழையோடு மழையாக உள்ளே வந்தவன் வணக்கம்கூடச் சொல்லவில்லை. கையிலிருந்த இரும்புத் துண்டை அவள் மேஜைமேல் டங்கென்று வைத்தான். சலித்து வைத்திருந்த உலோகத் தூள் மேஜையெங்கும் சிதறியது.

"உங்க தூள் போட்ட லட்சணத்தைப் பாருங்க."

அவள் துண்டைப் பார்க்கவில்லை... அவன் கண்களைத்தான் பார்த்தாள். ஈர இமைகளுக்குள் அத்தனை கோபம். அத்தனை கோபத்திலும் அவை அழகாக இருந்தது அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

அது வெல்டிங் தூள் தயாரிக்கும் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடம். தூளைச் சலித்து, பருமன் பார்த்து, யாருக்கு எது போக வேண்டும் என்று முடிவு செய்வது அவள் வேலை. எதிரே பேசுகிறவர்களின் வார்த்தைகளையும் சேர்த்துச் சலிப்பாள் என்பதால் அங்கே அவளுக்குப் பெயர் சல்லடை. வந்தவன் பட்டறைக்காரன். தேய்ந்துபோன இயந்திர பாகங்களின்மேல் கெட்டியான உலோகத்தை உருக்கிப் போட்டு மறுபடி ஓட வைப்பான். பட்டறையை நடத்துவது அவனுடைய அக்கா.

துண்டின்மேல் போட்டிருந்த உலோகம் பஞ்சுபோல் ஓட்டை ஓட்டையாக இருந்தது.

"நீங்க கேட்டது பூச்சுத் தூள். நான் அனுப்பினதும் பூச்சுத் தூள்," என்றாள்.

"பூச்சுன்னா உருக்கிப் போடுறதுதானே?"

"பூச்சுன்னா தெளிக்கிறது. அந்தத் தூள் மாவு மாதிரி இருக்கும். அதைக் கொண்டுபோய் உங்க வெல்டிங் டார்ச்சுல போட்டா அடைக்காம என்ன செய்யும்?"

"எங்க பட்டறையில மேல எதைப் போட்டாலும் பூச்சுதாங்க."

"பேரே தெரியாம எதுக்குத் தொழில் பண்றீங்க?"

சொன்ன பிறகுதான் அவன் கையிலிருந்த போனில் அழைப்பு ஓடிக்கொண்டிருப்பதைக் கவனித்தாள். "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுடா," என்று அதற்குள்ளிருந்து அக்காவின் குரல் நிதானமாக வந்தது, "நான் உயிரோட இருக்கிறவரைக்கும் அவ முகத்துல முழிக்க மாட்டேன்னு."

வாடிக்கையை இழக்கத் தொழிற்சாலை மேலாளருக்கு மனமில்லை. தூளை மாற்றிக் கொடுத்தார். அதோடு விடாமல், எதற்கு எந்தப் பெயர் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள், எல்லாப் பட்டறைகளுக்கும் அனுப்பிவிடலாம் என்றார். அக்கா வர மறுத்துத் தம்பியை அனுப்பினாள், சிரித்துப் பேசக் கூடாது என்ற நிபந்தனையோடு.

முதல் நாளே நிபந்தனை காற்றில் பறந்தது. தேய்மானம் தாங்குவதற்காகப் போடும் கெட்டி உலோகத்துக்கு மேலாளர் ஒரு பெயர் எழுதிக் கொடுத்திருந்தார்.

"கடினமுகம்..." என்று அவள் வாசித்தாள்.

அவன் கொஞ்சம் யோசித்தான். "இது எங்கக்காவுக்கு வச்ச பேரு மாதிரி இருக்குங்க."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம் வாரா வாரம் வந்தான். தெளித்து ஒட்டுவது மட்டும் பூச்சு, உருக்கிச் சேர்ப்பது மேலுருக்கு என்று பிரித்தார்கள். ஒரு வார்த்தைக்கு ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். சண்டை முடிந்துவிடக் கூடாதே என்று அவளுக்கு இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மழை பிடித்துக்கொண்டால், நனைந்துகொண்டு போகாதீர்கள் என்று சொல்ல ஒரு சாக்கு கிடைத்தது...

"கலப்புன்னா என்னன்னு எழுதுறது?" என்றாள் ஒரு நாள்.

"அடியில இருக்கிற இரும்பு உருகி, மேல போடுறதோட எவ்வளவு சேருதோ அது."

"சேர்ந்தா நல்லதா?"

"ரொம்பச் சேர்ந்தா மேல போட்டது தன் குணத்தை விட்டுடும்." அவளை நிமிர்ந்து பார்த்தான். "சுத்தமாச் சேரலைன்னா பிடிக்காதுங்க. கொஞ்சம் உருகித்தான் ஆகணும்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் அதை எழுதவே மறந்துவிட்டாள்.

அடுத்த வாரம் அவன் முகம் சரியில்லை. "ஞாயித்துக்கிழமை எனக்குப் பொண்ணு பேசப் போறாங்க," என்று மேஜையைப் பார்த்துச் சொன்னான். "அக்கா முடிவு பண்ணிட்டாங்க. உங்க பேரை எடுத்தாலே எழுந்து போயிடுறாங்க." மனதில் இருந்தது அவளுக்கு வாய்வரை வந்தது. வாழ்த்துகள் என்று மட்டும் சொன்னாள். அவன் போன பிறகு, அந்த வார்த்தையைப்போல் ஒரு பொய் உலகத்தில் இல்லை என்று தோன்றியது. அவன் இல்லாமல் முடியாது. அது தெரிந்தும் அக்காவிடம் போய்த் தலைகுனிய ரோஷம் விடவில்லை. இரண்டு நாள் தன்னோடு மல்லுக்கட்டினாள். சனிக்கிழமை பட்டறைக்குப் போனாள்.

உள்ளே ஒரு மூலையில் அவன் முகமூடி மாட்டிக்கொண்டு வெல்டிங்கில் இருந்தான். அந்த இரைச்சலில் எதுவும் கேட்காது. அக்கா கிரைண்டருக்குப் புதுச் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சிடுங்கக்கா. அன்னிக்கு நான் பேசினது திமிர். நீங்க போன்ல ஆர்டர் சொன்னப்போ எந்த மிஷினுக்குன்னு நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

அக்கா நிமிரவில்லை. "இதைச் சொல்ல இத்தனை நாளாச்சா?"

"இதை மட்டும் சொல்ல வரலைக்கா..." மூலையை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். "உங்க தம்பியை எனக்குப் பிடிச்சிருக்கு. நாளைக்கு நீங்க அங்க போயிட்டா, அப்புறம் சொல்லி என்ன பிரயோஜனம்?"

ஸ்பேனர் அப்படியே நின்றது. அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்த் தம்பியின் தோளைத் தட்டினாள். வெல்டிங் வெளிச்சம் அணைந்தது. முகமூடியைத் தூக்கியவன் அவளைக் கண்டு அப்படியே நின்றான்.

"நாளைக்கு வரலைன்னு பொண்ணு வீட்டுக்குச் சொல்லிடவாடா?"

"நேத்தே சொல்லிட்டேன்க்கா."

"என்னைக் கேக்காமலா?"

"கேட்டா திட்டுவ."

"இவ இன்னிக்கு வரலைன்னா என்ன பண்ணியிருப்ப?"

"நாளைக்கு நானே இவங்களைத் தேடிப் போயிருப்பேன். இவங்க வேண்டாம்னு சொல்லியிருந்தாலும்... இவங்களை மனசுல வச்சுக்கிட்டு இன்னொரு வீட்டுல போய் உக்கார முடியாதுக்கா. எனக்கு இவங்களைத்தான் பிடிச்சிருக்கு."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அக்கா கையுறையைக் கழற்றினாள்.

"ரெண்டு பேரும் என்கிட்டயே சொல்லிக்கிட்டிருந்தா எப்படி? நானா கட்டிக்கப் போறேன்? ஒருத்தருக்கொருத்தர் சொல்லித் தொலைங்க."

கதவைச் சாத்திக்கொண்டு அக்கா வெளியே போய்விட்டாள். அவன் சொன்னான். அவளும் சொன்னாள்.