மூன்று இழுப்பு

மழை பிடித்துக்கொண்ட ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் மகள் வந்து சேர்ந்தாள். தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தில் அவள் கதவைத் தட்டியது கேட்கவில்லை. கடைசியில் காலால் உதைத்தாள்.

"என்னப்பா, காது போயிடுச்சா? தெருவே எட்டிப் பாக்குது."

"மெல்லடி. கம்பெனி குடுத்த கதவு, உதை தாங்காது."

அவள் முதுகுப் பையில் இருந்து லேப்டாப்பை எடுத்தாள். பாலிதீன் பையைச் சுற்றி, அதற்கு மேல் துண்டைச் சுற்றி, கைக்குழந்தையைக் கொண்டுவருகிற மாதிரி கொண்டுவந்திருந்தாள்.

அவரை எல்லோரும் கயித்துக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். தெருவுக்கு அடியில் சாக்கடைக் குழாய் போட ஆழக் குழி வெட்டுகிற வேலை. ஒருத்தன் உள்ளே இறங்கி வெட்டுவான். ஒருத்தர் மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மேலே நிற்கிறவர் இவர். கை இரண்டும் தேங்காய் மட்டை மாதிரி காய்த்துப் போனவை. குடியிருப்பது கம்பெனி லைன் வீடு. ஒரே அறை, பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்த ஒரே ஜன்னல். மத்தியானத்திலும் விளக்குப் போட வேண்டும்.

மூலையில் பழைய கம்ப்யூட்டர் செத்துக் கிடந்தது. போன மாதம் ஒரு கருகல் வாடை, அத்தோடு சரி. மகள் வேலை பார்ப்பது கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில். அதிலிருந்த டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போய், உள்ளே இருந்ததையெல்லாம் தன் லேப்டாப்பில் ஏற்றிவிட்டாள். அன்றையிலிருந்து மனுஷருக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் போன் போட்டு, "ஆச்சா? ஆச்சா?" என்று அரித்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொட்டியோட குடும்பம் நடத்துறீங்கன்னு அம்மா சொன்னது தப்பே இல்ல. அம்மா செத்தப்பகூட நீங்க இப்படி இளைக்கல."

அவர் நனைந்த துண்டை வாங்கிக் கொடியில் போட்டார். சொல்கிற மாதிரி இல்லை அந்த விஷயம்.

அந்தக் கம்ப்யூட்டரை ஏதோ ஆபீஸ் குப்பையில் போட்டபோது தோளில் சுமந்து வந்தது அவருடைய அண்ணன். அதற்குள் ஒரு கேம் இருந்தது. பெயர் இருந்திருக்கும், இவர்கள் சுரங்கம் என்றே சொன்னார்கள். ஒரே கீபோர்டில் இரண்டு பேர் ஆடுவது. இடது பக்க ஆள் குழிக்குள் வெட்டுவான், வலது பக்க ஆள் மேலே கயிறு இழுப்பான். கூடை நிறைந்தால் கீழே இருப்பவன் கயிற்றை இரண்டு முறை இழுப்பான், ஸ்பீக்கரில் டிக் டிக் என்று கேட்கும். முதல் தடவை பார்த்தபோது அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். "பகல் பூரா செய்யறது பத்தாதுன்னு சாயந்திரமும் இதே வேலையாடா நமக்கு? இவனாச்சும் ஓவர்டைம் தருவானான்னு கேளு."

நிஜ வேலையில் அண்ணன்தான் கீழே இறங்குவான். தம்பி மேலே. குழிக்குள் இருந்து கத்தினால் மேலே கேட்காது, அதனால் கயிறுதான் பேச்சு. இரண்டு இழுப்பு என்றால் கூடையைத் தூக்கு. மூன்று இழுப்பு என்றால் என்னைத் தூக்கு. மேலே இருப்பவன் பதிலுக்கு ஒரு முறை இழுக்க வேண்டும். கேட்டுச்சு, தூக்குறேன் என்று அர்த்தம். முடியாது என்று சொல்ல மேலே இருப்பவனுக்கு ஒரு சைகையும் கிடையாது. அப்படி ஒன்று வேண்டியிருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு நாள் குழியின் சுவர் மொத்தமாக உள்ளே சரிந்தது. இழுப்பு எதுவும் வரவில்லை. கயிறு மட்டும் விறைத்து நின்றது. கம்பெனி இரண்டு நாள் தோண்டிப் பார்த்தது. பக்கத்துக் கட்டடம் சாய்ந்துவிடும் என்று பயந்து, குழியைக் கான்கிரீட் ஊற்றி அடைத்தது. மேலே தார் போட்டது. அண்ணன் அங்கேதான் இருக்கிறான். இப்போது அவன்மேல் பஸ் போகிறது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு சாயந்திரம் தம்பி சுரங்கத்தைத் தனியாகப் போட்டார். இடது பக்க விசைகளில் யார் கையும் இல்லை. கீழே இருந்த ஆள் வெட்ட ஆரம்பித்தான். கூடை நிறைந்தது.

டிக் டிக்.

அவர் பயப்படவில்லை. பயப்பட அது வேற்றாளா என்ன? கூடையைத் தூக்கினார். அன்றிலிருந்து தினமும் வேலை விட்டு வந்ததும் நாலு கூடை. யாரிடமும் சொன்னதில்லை. வெட்டுகிற வேகமே அண்ணன் வேகம்தான், நாலு வெட்டு, ஒரு மூச்சு, மறுபடி நாலு வெட்டு. சந்தோஷமாக வேலை செய்கிறவனின் வேகம்.

"பழைய கேம்ப்பா, இதுல அப்படியே ஓடாது," என்று மகள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "பழைய கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கிற ஒரு புரோகிராம் போட்டிருக்கேன். அதுக்குள்ளதான் இது ஓடும்."

"ஏமாத்து வேலையா?"

"ஆமா. தான் பழைய வீட்லயே இருக்கறதா அது நினைச்சுக்கும்."

முதலில் எல்லாம் பேய் வேகத்தில் ஓடியது. கூடை மேலும் கீழும் பறந்தது. இருவரும் சிரித்துவிட்டார்கள். அவள் எதையோ தட்டித் தட்டி வேகத்தைக் குறைத்தாள். கடைசியாக அந்தப் பழுப்பு மண், நீலப் பட்டை வானம், மேலே குச்சி மாதிரி ஒரு ஆள், கீழே குச்சி மாதிரி ஒரு ஆள். நாலு வெட்டு. ஒரு மூச்சு.

அவர் திரைக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார்.

"இதென்ன, நாள்னு போட்டு பக்கத்துல நம்பர் ஏறுது?" என்றாள் மகள்.

வானத்து மூலையில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. ஆள் கீழே இறங்கி எத்தனை நாளாச்சு என்று காட்டுவது. பழைய மெஷினில் தேதியை ஞாபகம் வைக்கிற பேட்டரி எப்போதோ செத்துப் போனது. எப்போது போட்டாலும் அதற்கு அதே தேதி, கட்டத்தில் எப்போதும் ஒன்று. "நமக்கு என்னைக்கும் முதல் நாள்தான்டா. வயசே ஆகாது," என்பான் அண்ணன்.

இப்போது அந்த எண் ஏறிக்கொண்டிருந்தது. நூறைத் தாண்டியது. ஆயிரத்தைத் தாண்டியது. கட்டம் போதாமல் எண்கள் வழிந்து வானத்தின்மேல் நின்றன.

"ஓ, லேப்டாப்ல இன்னைக்குத் தேதி சரியா இருக்குல்ல, அதைப் பாத்து கணக்குப் போடுது," என்றாள் அவள்.

கீழே வெட்டு நின்றது.

குச்சி ஆள் அசையவில்லை. அந்த ஆளுக்குப் பக்கவாட்டு முகம் மட்டும்தான் வரைந்திருப்பார்கள். இத்தனை வருஷத்தில் அவர் வேறு பார்த்ததில்லை.

மெல்ல அது மேலே பார்த்தது.

முகம் என்று சொல்ல எதுவும் இல்லை, நாலைந்து புள்ளிகள்தான். ஆனால் எண் நின்ற இடத்தைத்தான் அது பார்த்தது. அவருக்குச் சந்தேகமே இல்லை.

"நீங்க எதையாச்சும் அமுக்கினீங்களா?"

"இல்ல."

"நானும் இல்லப்பா."

"அது பெரியப்பா," என்றார்.

அவள் சிரிக்க வாயைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

டிக்.

டிக்.

டிக்.

"மூணா?" அவர் குரல் காற்றாக வந்தது. "இதுல மூணு கிடையாதே. கேம்ல ரெண்டுதான். மூணு எங்களோடது."

அப்போது கரண்ட் போனது. விளக்கு அணைந்தது, விசிறி சுற்றிச் சுற்றி நின்றது. பழைய மெஷினாக இருந்தால் இந்நேரம் செத்திருக்கும். கரண்ட் போனால் ஆட்டமும் போகும், அண்ணனும் அந்த ஒரு நாளுக்குள் போய்ப் படுத்துக்கொள்வான். லேப்டாப் அணையவில்லை. அதன் வெளிச்சம் மகளின் முகத்தில் பழுப்பாகப் படிந்திருந்தது.

மண்ணின் வாடை வந்தது. மழை மண் இல்லை. இது வெயிலே படாத ஆழத்து மண், சாக்கடையும் இரும்பும் கலந்த களிமண். அந்த வாடை அவருக்குத் தெரியும். முப்பது அடிக்குக் கீழேதான் அது இருக்கும், வீட்டுக்குள் வராது.

டிக். டிக். டிக்.

யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டார். கை யோசிக்கவில்லை. ஆயுள் முழுக்கக் கயிறு பிடித்த கை. விசையை ஒரு தட்டுத் தட்டிவிட்டது. திரையில் கயிறு ஒரே ஒரு துள்ளல் துள்ளியது.

கேட்டுச்சு. தூக்குறேன்.

கீழே இருந்த ஆள் இரண்டு கையையும் மேலே தூக்கினான். குழந்தை தூக்கச் சொல்லி நிற்குமே, அப்படி.

"ஐயோ," என்றார். விசையை அமுக்கினார். அமுக்கிக்கொண்டே இருந்தார். கப்பி சுற்றியது, கயிறு ஏறியது, கூடை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. மேலே குழியின் வாய் எங்கே என்று தேடினார். இல்லை. வாய் இருந்த இடத்தில் மழமழவென்று சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. கயிறு அதற்குள் நுழைந்து போயிருந்தது.

"அப்பா, விடுங்க. விடுங்கன்றேன்ல."

"தூக்குறேன்னு சொல்லிட்டேன்டி."

"தேதியப் பழசா மாத்திடறேன். பழையபடி ஒண்ணு வந்திடும். பெரியப்பா... சரியாயிடும்." இருட்டில் விசைகளைத் தேடித் தேடித் தட்டினாள். வானத்து எண்கள் ஒவ்வொன்றாக அழிந்தன. கட்டத்தில் ஒன்று என்று வந்து நின்றது.

இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

ஆள் வெட்டவில்லை. அந்த ஒன்றைப் பார்த்தான். பிறகு குழியின் அடியில், சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான்.

டிக். டிக். டிக்.

தெரிந்துபோனது தெரிந்ததுதான். தேதியை மாற்றினால் யாருக்கு மறக்கும்? இத்தனை வருஷமாக அவனுக்கு அது சுவர் சரியாத ஒரு சாயந்திரமாக இருந்தது. தம்பி மேலே நிற்கிறான், நாலு கூடையில் வேலை முடியும், வீட்டுக்குப் போகலாம். எவ்வளவு காலம் ஆச்சு என்று அவனுக்குச் சொன்னது இவர்கள்தான். ஒருத்தரும் வரவில்லை என்றும் சொன்னது இவர்கள்தான்.

மகள் லேப்டாப்பை மூடினாள். பவர் பொத்தானை விடாமல் அமுக்கினாள். அறை முழு இருட்டானது. கூரையில் மழை மட்டும் கேட்டது.

மழைக்கு அடியில், எங்கேயோ, டிக். டிக். டிக்.

"எங்கப்பா கேக்குது?" அவள் அவர் தோளை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அவர் இருட்டில் சத்தம் வந்த பக்கம் கையால் தடவினார். சுவர் ஆணியில் அவருடைய வேலைக் கயிறு சுருட்டி மாட்டியிருந்தது. அதன் நுனி ஆடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் மகள் போன் செய்தாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டேன், டிஸ்க்கையும் உடைத்துவிட்டேன் என்றாள். "இனிமே ஒண்ணும் இல்லப்பா. வேலைக்குப் போகாதீங்க இன்னைக்கு. நான் வர்றேன்." சரி சரி என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். வேறு எங்கே போவது?

வெயில் பளிச்சென்று அடித்தது. புதுக் குழி, புதுத் தெரு. அண்ணன் இருக்கும் இடத்துக்கும் இதற்கும் ஊரின் ஒரு கோடிக்கும் மறுகோடிக்கும் உள்ள தூரம். கயிறு உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது. ஆட்கள் எல்லோரும் வேலியோரம் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு இறங்க வேண்டியவன் பிஸ்கட்டை நனைத்தபடி எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தான்.

"கயித்துக்காரரே, டீ ஆறுது. உள்ள ஒருத்தனும் இல்ல, யாருக்குக் கயிறு பிடிக்கிறீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள்.

கயிறு அவர் உள்ளங்கையில் இழுபட்டது.

ஒரு முறை. இன்னொரு முறை. இன்னொரு முறை.

வேண்டாம் என்று கைக்குச் சொன்னார். இந்த முறையாவது வேண்டாம் என்று சொன்னார்.

கை பதிலுக்கு ஒரு முறை இழுத்தது.

உடனே கயிறு கனத்தது. ஒரு முழு ஆளின் கனம். அந்தக் கனம் அவருக்கு மனப்பாடம். காலை ஊன்றி, பல்லைக் கடித்து இழுத்தார். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு இரண்டு பேர் ஓடிவந்து கூடப் பிடித்தார்கள். மூன்று பேரும் சேர்ந்து இழுத்தார்கள்.

இழுக்க இழுக்க, கயிறு உள்ளே போய்க்கொண்டிருந்தது.